மார்ச்சிங் பேண்ட் போட்டி நாளில் பெற்றோரின் பணி: முதன்முறை வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை ஒன்பதாம் வகுப்பில், களத்தில் அணிவகுத்து நடந்தபடியே இசைக்கும் மாணவர் குழுவான மார்ச்சிங் பேண்டில் சேர்ந்துவிட்டால், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான சனிக்கிழமைகளைப் பேண்டுக்கென்று எழுதி வைத்துவிட வேண்டியதுதான். டெக்சாஸின் ஏதாவதொரு அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தில் அன்று போட்டி இருக்கும். விடியற்காலையில் பள்ளிக்குப் போகிற பிள்ளை நள்ளிரவை ஒட்டித்தான் வீடு திரும்பும். களத்தில் நிகழ்ச்சி நடப்பதோ ஏழெட்டு நிமிடங்கள். அந்த ஏழெட்டு நிமிடங்களுக்காக இருநூறு பிள்ளைகளுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்து, சீருடை உடுத்தி, கருவிகளை ஏற்றி இறக்கி, பேருந்தில் எண்ணி உட்காரவைத்து, காயம் பட்டால் கவனித்து அழைத்து வருவது நான்கைந்து ஆசிரியர்களால் ஆகிற காரியம் அல்ல. அதனால்தான் பள்ளி பெற்றோரை அழைக்கிறது.

டாலஸின் வடக்குப் புறநகர் ஒன்றில் மகளுக்காக நான்கு ஆண்டுகள், பிறகு மகனுக்காக இரண்டு ஆண்டுகள் என ஆறு பருவங்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். நம்மவர் பலர் முதல் ஆண்டில் தயங்கி ஒதுங்கி நிற்பதை ஒவ்வொரு ஆகஸ்டிலும் பார்க்கிறேன். நாம் படித்த காலத்தில் பெற்றோர் பள்ளிக்கு வந்தது மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடவும் ஆண்டு விழாவில் உட்காரவும்தான். பள்ளியின் வேலையில் பெற்றோர் தோள்கொடுக்கும் வழக்கத்தை நாம் கண்டதில்லை. இசை தெரியாதே, கால்பந்து மைதானத்தில் எது எங்கே என்று தெரியாதே என்பதும் ஒரு தயக்கம். இரண்டும் தேவையில்லை. சொன்ன நேரத்துக்கு வருவது, ஒப்புக்கொண்ட ஒரு வேலையை முழுமையாகச் செய்வது, அன்று தன் பிள்ளையைத் தேடிக்கொண்டு போகாமல் இருப்பது ஆகிய மூன்றும் போதும். மூன்றில் கடைசி ஒன்றுதான் கடினம். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

பருவம் தொடங்குவதற்கு முன்னால்

டெக்சாஸில் மாணவர்களோடு வேலை செய்ய முன்வரும் எவரையும் பள்ளி மாவட்டம் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்படுத்தும். இதற்கான இணையப் படிவம் பெரும்பாலான மாவட்டங்களில் ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக நிரப்பப்பட வேண்டும். சென்ற ஆண்டு ஒப்புதல் கிடைத்தது என்பது இந்த ஆண்டுக்குச் செல்லாது. ஒப்புதல் வருவதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம் என்பதால், கோடைப் பயிற்சி தொடங்கும் ஜூலை மாதக் கடைசியிலேயே அதை முடித்துவிடுங்கள். கணவன் மனைவி இருவரில் யார் போகப்போகிறோம் என்று முடிவாகாத நிலையிலும் இருவரும் விண்ணப்பித்து வைப்பது நல்லது. போட்டிக்கு முந்தைய வாரம் ஆள் போதவில்லை என்று மின்னஞ்சல் வரும்போது, ஒப்புதல் இல்லாதவர் எவ்வளவு ஆவலோடு இருந்தாலும் பிள்ளைகள் உடை மாற்றும் இடத்திலோ பேருந்திலோ அனுமதிக்கப்பட மாட்டார்.

அடுத்தது நாள்காட்டி. போட்டித் தேதிகள் பெரும்பாலும் கோடை விடுமுறைக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். நவராத்திரியும் தீபாவளியும் இந்தப் பருவத்தின் நடுவில்தான் வருகின்றன. கொலுவுக்கு அழைப்பதும் அழைக்கப்படுவதும் பெரும்பாலும் சனிக்கிழமை மாலைகளில் என்று ஆகிவிட்ட நம் வாழ்க்கையில், எந்தச் சனிக்கிழமை போட்டி என்பதை முதலிலேயே குறித்துவைத்துக்கொண்டு, வீட்டுக் கொலு அழைப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கடைசி நேரத்தில் இரண்டில் ஒன்றைக் கைவிட்டவர்கள் இரண்டையும் எண்ணி வருந்துகிறார்கள்.

பேண்டுக்குத் துணையாகப் பெற்றோர் நடத்தும் அமைப்புக்குப் பூஸ்டர் கிளப் என்று பெயர். வேலைப் பங்கீடு, நிதி திரட்டல், உணவு ஏற்பாடு யாவும் அதன் பொறுப்பு. சைன்அப் ஜீனியஸ் போன்ற ஒரு தளத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் எந்த வேலைக்கு எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று போட்டிருப்பார்கள். முதல் முறை பெயர் கொடுக்கும்போது நாள் முழுவதற்கும் கொடுத்துவிடாதீர்கள். சீருடை உதவியோ தண்ணீர் வழங்கலோ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை முன்பே செய்த ஒருவரின் பக்கத்தில் நின்று செய்யுங்கள். பெயர் கொடுத்துவிட்டு வராமல் போவதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. வர முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவரைப் பிடித்துவிடுவார்கள்.

எந்தப் போட்டி, எந்த அளவுகோல்

உங்கள் பேண்ட் போகும் இடங்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் வரிசை. முதலில் வட்டாரச் சுற்று. அதில் நடுவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை தரம் கொடுப்பார்கள், ஒன்றுதான் உயர்ந்தது. வட்டாரச் சுற்றில் பேண்டுகளுக்கிடையே வரிசை கிடையாது. தகுதியான அனைவரும் முதல் தரம் பெறலாம். அதற்கடுத்த ஏரியா சுற்றிலும், நவம்பரில் சான் அன்டோனியோவின் அலமோடோமில் நடக்கும் மாநிலச் சுற்றிலும்தான் முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை வருகிறது. மற்றொன்று, பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு நடத்தும் போட்டிகள். அவற்றில் காலை முதல் தகுதிச் சுற்றும் அன்றிரவோ மறுநாளோ இறுதிச் சுற்றும் இருக்கும். தேசிய அளவிலான போட்டி நவம்பரில் இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டியதன் காரணம், உங்கள் வேலை நேரம் அதைப் பொறுத்து மாறும் என்பதுதான். வட்டாரச் சுற்று அரை நாளில் முடிந்துவிடும். இறுதிச் சுற்று உள்ள போட்டியில், பேண்ட் தகுதி பெற்றுவிட்டால், காலையில் செய்த எல்லாவற்றையும் இரவு மறுபடி செய்ய வேண்டும். சீருடைகளைக் கழற்றி மாட்டி, உணவு கொடுத்து, ஓய்வெடுக்கவைத்து, மீண்டும் உடுத்தி, மீண்டும் களத்துக்கு அனுப்ப வேண்டும். தகுதி பெறுவார்களா என்பது பிற்பகல்வரை தெரியாது. ஆகவே மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதவர்களைத்தான் அத்தகைய நாள்களுக்கு எதிர்பார்ப்பார்கள்.

அன்றைய நேரப் பட்டியலைக் கையில் வாங்கியதும், பேண்ட் களத்தில் இறங்கும் நேரம் எது என்று முதலில் பாருங்கள். மற்ற எல்லா நேரங்களும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட்டவை. இரவு 7.15க்கு நிகழ்ச்சி என்றால் நுழைவாயிலில் எப்போது நிற்க வேண்டும், அதற்கு முன் வார்ம்-அப் என்னும் கடைசி இசைப் பயிற்சி எப்போது, அதற்கு முன் உடை எப்போது, பேருந்து எப்போது, உணவு எப்போது என்று அடுக்கிக்கொண்டே காலை ஒத்திகைவரை போகும். இதில் ஒரு கண்ணி பத்து நிமிடம் தாமதித்தால் அந்தப் பத்து நிமிடம் வார்ம்-அப்பிலிருந்துதான் கழியும். நடுவர்கள் எந்தப் பேண்டுக்காகவும் காத்திருக்க மாட்டார்கள்.

சீருடைப் பணி

புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரே நாளில் பேண்டின் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிடலாம். வேலையும் கண்ணால் பார்த்துக் கையால் பழகிக்கொள்ளக்கூடியது.

சீருடை பல துண்டுகளால் ஆனது. தோளில் மாட்டிக்கொள்ளும் பட்டை வைத்த கால்சட்டை, அதன்மேல் முதுகுப்பக்கம் ஜிப் வைத்த மேலங்கி, மணிக்கட்டை மூடும் உறை, கையுறை, கறுப்புக் காலுறை, பேண்டுக்கென்றே செய்த காலணி, ஷாக்கோ என்னும் உயரமான தொப்பி, அதன் உச்சியில் செருகும் இறகு. வடிவமைப்பு பள்ளிக்குப் பள்ளி மாறும். சில பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டும் நிகழ்ச்சிக்கேற்பப் புது உடை தைக்கின்றன. எப்படியிருந்தாலும் ஒவ்வோர் உடைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் பிள்ளையின் அடையாளம். உறைப்பையிலும் தொப்பிப் பெட்டியிலும் அதே எண் இருக்கும். எண் மாறி மாட்டப்பட்ட ஓர் உடை, இருவரின் உடையையும் கெடுத்துவிடும்.

உடுத்தும் நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை சில. கால்சட்டையின் அடிவிளிம்பு எல்லோருக்கும் காலணியின் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்; உள்ளே வரிசையாக இருக்கும் அழுத்துப் பொத்தான்களை மாற்றிப் போட்டால் நீளம் கூடும், குறையும். காலுறை முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைக் காலுறையோடு வரும் பிள்ளை ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள் என்பதால், சீருடைப் பெட்டியில் அரை டஜன் ஜோடி உபரியாக வைத்திருப்பார்கள். காதணி, மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கூடாது. நம் பிள்ளைகளின் கையில் கோயில் கயிறு இருக்கும். அது கையுறைக்குள் மறையுமானால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. மறையாது என்றால் கழற்றச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யாமல் பேண்ட் இயக்குநரிடம் கேளுங்கள்.

அடுத்து முடி. தொப்பிக்குக் கீழே ஒரு கற்றைகூடத் தெரியக்கூடாது என்பது பெரும்பாலான பேண்டுகளின் விதி. நீளமான முடியை உச்சியில் கொண்டை போட்டால் தொப்பி உட்காராது. பிடரியில் கொண்டை போட்டால் தொப்பியின் பின்விளிம்பு இடித்து முன்னால் சரியும். தலையோடு ஒட்டிப் பின்னி, பின்னலை மடித்து மேலே ஏற்றிக் கிளிப் போட்டு, தொப்பிக்குள் தட்டையாக அடக்க வேண்டும். என் முதல் போட்டியில், பேருந்து நிறுத்துமிடத்தில், இடுப்புவரை முடியுள்ள ஒரு கிளாரினெட் மாணவி கண்ணீர் தளும்ப நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தோழிகள் மூன்று முறை போட்டும் தொப்பி நிற்கவில்லை. வார்ம்-அப்புக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் அவளைப் பேருந்துப் படியில் உட்காரவைத்து, முன்நெற்றியிலிருந்து முடியை எடுத்து எடுத்துச் சேர்த்து, இரட்டைப் பின்னலாகப் பிடரிவரை இறுக்கிப் பின்னி, இரண்டு வாலையும் குறுக்காக மடித்து மேலேற்றி எட்டுக் கிளிப் குத்தினேன். எங்கள் வீட்டில் பள்ளி நாள்களில் காலை ஏழு மணிக்கு அம்மா எனக்குப் பின்னிய பின்னல்தான் அது. தொப்பி அசையாமல் உட்கார்ந்தது. அடுத்த போட்டியில் என் முன்னால் ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். உங்களுக்குப் பின்னத் தெரியும் என்றால் அதைப் பூஸ்டர் கிளப்பிடம் சொல்லிவிடுங்கள். அது இங்கே மிகவும் தேவைப்படும் கைவேலை. சீப்பும், சின்ன ரப்பர் பேண்டும், கறுப்புக் கிளிப்பும் உங்கள் இடுப்புப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

சீருடை உடுத்திய பிறகு பிள்ளைகள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்கவோ உண்ணவோ கூடாது. தரையில் உட்காரவும் கூடாது. பிள்ளை பசிக்கிறது என்று உங்களிடம் கேட்டால் மனம் இளகத்தான் செய்யும். உடை மாற்றுவதற்கு முன் உணவு நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்ப்பதே அதற்கு வழி. பதற்றத்தில் சாப்பாட்டை அப்படியே குப்பையில் போடுகிற பிள்ளைகள் உண்டு.

இறகைக் கடைசியில்தான், களத்தின் வாயிலுக்குப் பக்கத்தில், பெற்றோரே செருகுவார்கள். கை எண்ணெயும் வியர்வையும் இறகைக் கெடுக்கும் என்பதால் கையுறை அணிந்துகொண்டு, இறகின் தண்டை மட்டும் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள்; உயரமானவர்கள் உங்களுக்காக முழங்காலை மடக்குவார்கள். தொப்பியின் குழியில் தண்டை நேராக இறக்கி, அது பிடித்துக்கொண்டது என்று விரலில் உணரும்வரை அழுத்தி, ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து விநாடிதான் கிடைக்கும். அந்த ஐந்து விநாடியில் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணை மூடியிருப்பார்கள், உதடு மட்டும் எண்ணிக்கையை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அப்போது எதுவும் பேசாதீர்கள். "ஆல் தி பெஸ்ட்" என்பதுகூட வேண்டாம். கால்பந்துக் களத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு. அந்த ஐந்து கெஜத்தை எட்டு அடியெடுப்பில் கடக்க வேண்டும், அதாவது ஓர் அடிவைப்புக்கு இருபத்திரண்டரை அங்குலம். ஊதிக்கொண்டே அந்த அளவு பிசகாமல் நடந்து, நிகழ்ச்சி முழுவதும் தான் நிற்க வேண்டிய இடங்கள் அத்தனையையும் மனத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை அது.

மழை வரும் அறிகுறி தெரிந்தால் இறகுகளைப் பெட்டியைவிட்டு எடுக்காதீர்கள். நனைந்துவிட்டால் உதறி, தலைகீழாகத் தொங்கவிட்டு முழுவதும் காயவைத்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.

தண்ணீரும் வெயிலும்

டெக்சாஸில் செப்டம்பர் மாதப் பிற்பகலில் வெப்பம் முப்பத்தைந்து பாகை செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. செயற்கைப் புல்தரை அதைவிடவும் சூடாக இருக்கும். தடித்த துணியில் முழுக்கை உடுப்போடு பிள்ளைகள் அதில் நிற்கிறார்கள். தண்ணீர்க் குழுவின் வேலை, பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் வரிசைக்கு வரிசை போய்க் கொடுப்பது. சூசஃபோன் என்னும் பெரிய ஊதுகருவியைத் தோளில் சுமந்திருக்கும் பிள்ளைக்குக் கை ஒழியாது. புட்டியை நீங்களே வாயருகே பிடிக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டியபடி நெடுநேரம் நிற்பவர்களுக்கு மயக்கம் வரலாம் என்பதால், முழங்காலைச் சற்றுத் தளர்த்தச் சொல்வதில் தவறில்லை. முகம் வெளுத்து, தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழலுக்கு அழைத்துப்போய் மேலங்கியைத் திறந்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, உடனே பயிற்சியாளருக்கோ செவிலியருக்கோ சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத்தாக்கம்; அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்பதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

பிட், பிராப், டிரெய்லர்

பளு தூக்கக்கூடியவர்களுக்கு இந்தக் குழுவில் என்றும் இடம் உண்டு. களத்தின் முன்விளிம்பில் நிலையாக வைத்து வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன், டிம்பனி, கோங், சின்தசைசர் முதலியவற்றின் தொகுதிக்குப் பிட் என்று பெயர். நிகழ்ச்சியின் கதையைக் காட்சியாக்கக் களத்தில் வைக்கும் மேடை, சாய்தளம், திரை போன்றவை பிராப். இவையெல்லாம் பெரிய டிரெய்லரிலிருந்து இறங்கி, வாயிலைக் கடந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய கோட்டில் நின்று, நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்த பேண்ட் வருவதற்குள் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். உள்ளே வருவதும் வெளியேறுவதும் ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் அடங்கும்; மீறினால் தண்டப் புள்ளி.

மூடிய காலணி கட்டாயம். செருப்போடு வருபவரைக் களத்துக்குள் விடமாட்டார்கள். விடவும் கூடாது, ஏனெனில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள சக்கர மேடைகள் கால்விரலுக்குப் பக்கத்தில் உருளும். களத்துக்குள் போகும் பெரியவர்களுக்கு எண்ணி மணிக்கட்டுப் பட்டை கொடுப்பார்கள். உங்களுக்குக் கிடைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். நகர்த்தும்போது கட்டளை ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். நான்கு பேர் தள்ளும் மேடையில் நான்கு பேரும் வழி சொன்னால் அது வாயில் தூணில் போய் முட்டும்.

ஒரு போட்டியில், காற்று வலுத்த பிற்பகல், எங்கள் குழு உயரமான திரை ஒன்றை வாயிலுக்கு வெளியிலேயே நிமிர்த்திவிட்டது. மணல் மூட்டை இன்னும் ஏற்றப்படவில்லை. காற்று பாய்மரத்தில் மோதுவதுபோல் மோத, திரை சாய்ந்தது. இரண்டு தந்தையர் தோளால் தாங்கிப் பிடித்ததால் பிட் மாணவர்கள்மேல் விழவில்லை. அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: மூட்டை முதலில், திரை பிறகு, காற்று குறித்த அளவுக்குமேல் இருந்தால் திரையே வேண்டாம். அந்த முடிவை எடுப்பவர் இயக்குநர், ஆனால் ஆபத்தைக் கண்டவர் எவராயினும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கருவிகளைத் தள்ளும்போது மரிம்பாவை அதன் சட்டகத்தைப் பிடித்துத் தள்ளுங்கள். மேலே உள்ள மரக்கட்டைகளில் கை வைக்காதீர்கள். ஒலிக்கலவைப் பெட்டியின் கம்பி எதையும், தளர்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும், நீங்களாகப் பிடுங்கிச் செருக வேண்டாம். அதற்கென்று ஒரு மாணவர் இருப்பார். நிகழ்ச்சி தொடங்கியதும் கைகளைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே குனிந்தோ உட்கார்ந்தோ இருங்கள், மேலேயிருந்து பார்க்கும் நடுவருக்கு நீங்கள் மறைக்கக்கூடாது. ஒரு கொடி விழுந்தாலும், ஒரு தொப்பி உருண்டு உங்கள் காலடிக்கு வந்தாலும், பிள்ளைக்கு அதனால் ஆபத்து இல்லையென்றால் அது கிடக்கட்டும். இசைக்கும் பிள்ளைகள் அதைத் தாண்டி நடக்கப் பழகியவர்கள்.

பேருந்தில் துணையாகப் போகும்போது

ஷாப்பரோன் என்று அழைக்கப்படும் துணைப் பெற்றோரின் முதல் வேலை எண்ணுவது. பள்ளியில் ஏறும்போது, ஸ்டேடியத்தில் இறங்கும்போது, மீண்டும் ஏறும்போது, உணவுக்கு நிறுத்தினால் அங்கே என்று பட்டியலில் பெயரைப் பார்த்து முகத்தைப் பார்த்து எண்ண வேண்டும். "எல்லாரும் இருக்கிறார்களா?" என்று கேட்டு "இருக்கிறோம்" என்ற குரலை நம்பிப் புறப்படக்கூடாது.

மருந்து விஷயத்தில் நம்மவர் தனிக் கவனம் எடுக்க வேண்டும். தலைவலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நம் கை இயல்பாகப் பைக்குள் போகும். பாராசிட்டமால் மாத்திரை நம்மிடம் எப்போதும் இருக்கும். அதை மற்றவர் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோர் நிரப்பிய மருத்துவப் படிவம் உண்டு. பொறுப்பாளர் அதைப் பார்த்துத்தான் கொடுக்க முடியும். வீட்டிலிருந்து எடுத்துவந்த தின்பண்டத்துக்கும் இதுவே பொருந்தும். நிலக்கடலையும் முந்திரியும் சேர்ந்த மிக்ஸர் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். உணவு ஏற்பாட்டில் சைவப் பிள்ளைகளுக்கு என்ன வருகிறது என்பதை முன்பே விசாரியுங்கள்; பல நேரங்களில் இறைச்சியை எடுத்துவிட்ட ரொட்டிதான் வரும். சைவப் பொட்டலங்களைத் தனியாக எண்ணி, பெயர் எழுதி, அசைவத்துக்கு முன்பாக வழங்க ஒருவர் பொறுப்பேற்றால் அது தீரும். எங்கள் பேண்டில் இரண்டு தமிழ்த் தாய்மார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகு குஜராத்திப் பிள்ளைகளும், வேறு காரணங்களால் இறைச்சி உண்ணாத மற்றப் பிள்ளைகளும் அந்த வரிசைக்கே வருகிறார்கள்.

சீருடையில்லாமல் ஓரமாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் காரணம் கேட்காதீர்கள். காயமாக இருக்கலாம். டெக்சாஸில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பாடத்தில் 70க்குக் கீழ் மதிப்பெண் பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது என்ற விதியும் உண்டு. கடினம் கூடிய சில மேம்பட்ட நிலைப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பிள்ளை அன்று தண்ணீர் சுமக்கவும் கருவி தள்ளவும் வந்திருக்கிறதென்றால் அதற்குப் பெரிய மனம் வேண்டும். உங்களோடு சேர்த்து ஒரு வேலை கொடுங்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

உங்கள் சொந்தப் பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். போட்டி நாளில் பிள்ளை தன் தோழர்களோடும் தன் பிரிவுத் தலைவரின் சொல்லோடும் இருக்கிறது. நடுவில் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்வதும், சாப்பிட்டாயா என்று மூன்று முறை கேட்பதும், கைபேசியில் படமெடுப்பதும் அந்தக் கட்டுக்கோப்பை அவிழ்த்துவிடும். என் மகள் முதல் ஆண்டில் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "அம்மா, எல்லாருக்கும் செய்யறதை எனக்கும் செய்யுங்க, எனக்குன்னு தனியா எதுவும் வேண்டாம்." அவளுக்கு இறகு செருகும் முறை வந்தபோது நானும் அந்த ஐந்து விநாடிதான் எடுத்தேன்.

உங்கள் பள்ளியே போட்டியை நடத்தும்போது

இது வேறு வகை வேலை. அன்று நீங்கள் விருந்தோம்புபவர். டிக்கெட், வாகன நிறுத்தம், தின்பண்டக் கடை, நடுவர்களுக்கும் இயக்குநர்களுக்கும் உணவு, வாயில் காவல் என்று எல்லாப் பக்கமும் ஆள் வேண்டும். தின்பண்டக் கடையில் நிற்பவர்கள் உணவு கையாளும் சான்றிதழுக்கான சிறு இணையவழிப் பாடத்தை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வழிகாட்டிப் பணி. வந்திறங்கும் ஒரு பேண்டை நீங்கள் பொறுப்பேற்று, பேருந்திலிருந்து வார்ம்-அப் திடலுக்கும், அங்கிருந்து வாயிலுக்கும், முடிந்ததும் வெளிவழிக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். முந்தைய நாளே அந்தப் பாதையை நடந்து பார்த்து, எங்கே படி, எங்கே சரிவு, எங்கே சேறு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய டிரம்மைச் சுமந்த பிள்ளை படியில் தன் காலைப் பார்க்க முடியாது என்பதை நினைவில் வைத்து வழியைத் தேர்ந்தெடுங்கள். இயக்குநரிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டதும் நேரத்தைச் சொல்லுங்கள்: "வார்ம்-அப்புக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்." அவருக்கு அன்று உங்களிடமிருந்து வேண்டியது அந்த எண் ஒன்றுதான்.

வாயிலில் நிற்பவர்கள் ஒரு பேண்ட் இசைத்துக்கொண்டிருக்கும்போது எவரையும் இருக்கைப் பக்கம் விடக்கூடாது. களத்திலிருப்பது தன் பேரப் பிள்ளை, ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கிறேன் என்று ஒரு தாத்தா கேட்டாலும் விட முடியாது. அவர் நின்று பார்க்கக்கூடிய ஓர் இடத்தை வாயிலருகிலேயே காட்டுவதுதான் நம்மால் ஆவது.

பார்வையாளர் இருக்கையில்

உங்கள் வேலை முடிந்து மேலே போய் உட்கார நேரம் கிடைத்தால், மற்றப் பள்ளிகளுக்கும் கைதட்டுங்கள். எந்தப் பேண்டைப் பற்றியும் எந்த மொழியிலும் குறை பேச வேண்டாம்; அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் வரிசையிலேயே இருப்பார்கள், அவர்களில் தமிழரும் இருப்பார்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களில் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிக்கிறார்கள். பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ அழைத்துப்போனால், அலுமினிய இருக்கையில் விரிக்க ஒரு மெத்தையும் இரவுக் குளிருக்கு ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர் பிள்ளைகள் தெரியும் படத்தை அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

பரிசளிப்பு முடிந்து பேருந்து பள்ளிக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டும். இந்த நேரத்துக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை; காலையில் நாற்பது பேர் ஏற்றிய டிரெய்லரை இரவில் பத்துப் பேர் இறக்குவார்கள். நீங்கள் ஒரே ஒரு வேலைக்குத்தான் பெயர் கொடுக்க முடியும் என்றால் இதற்குக் கொடுங்கள். பகலில் அலுவலகத்தை விடமுடியாதவர்களுக்கும் இது ஏற்ற நேரம்.

உடைகள் ஈரத்தோடு உறைப்பைக்குள் போகக்கூடாது; ஜிப்பைத் திறந்து, இடைவெளி விட்டு மாட்டி, விசிறியைப் போட்டு வைக்க வேண்டும். தொப்பிகளை எண்ணுங்கள், இறகுகளை எண்ணுங்கள். ஓர் இறகு குறைந்தால் பேருந்தின் இருக்கைக்கு அடியில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். துணையாகப் போனவர்கள் கடைசிப் பிள்ளையின் வண்டி வரும்வரை நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும். தாமதமாகும் பெற்றோரைக் கடிந்துகொள்ள வேண்டாம். இரவு வேலையிலிருந்து நேராக வருபவராக இருப்பார். கையுறைகளை ஒரு வலைப்பையில் போட்டுக் கட்டி யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை துவைப்பார்கள். உங்கள் முறை வந்தால் குளிர்ந்த நீரில் துவைத்து, உலர்த்தியில் போடாமல் காற்றில் காயவையுங்கள், சூட்டில் சுருங்கிவிடும். செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குள் ஜோடி சேர்த்து, அளவு வாரியாகப் பிரித்து, பேண்ட் அறையின் இரண்டாவது அலமாரியில் வைத்துவிடுங்கள்.